மகன் 'வெப்சைட்' செய்யவேண்டும் என்கிறானா? எந்தக் கருவியைக் கொடுக்கலாம்?

"அப்பா, நான் ஒரு வெப்சைட் செய்யப்போகிறேன்!"

8-ம் வகுப்பு, 9-ம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது வீட்டில் இப்படிக் கேட்கிறார்கள். கேட்டதும் பெற்றோருக்குத் திகைப்பு. எவ்வளவு செலவாகும்? எந்த வகுப்பில் சேர்ப்பது? புதுக் கம்ப்யூட்டர் வாங்கவேண்டுமா?

ஒன்றும் வாங்கவேண்டாம். ஆரம்பத்துக்குப் பழைய கம்ப்யூட்டரே போதும். 2011-ம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவ-மாணவிகளுக்கு இலவச லேப்டாப் கொடுத்தது அல்லவா? அண்ணனுக்கோ, அக்காளுக்கோ அப்படிக் கிடைத்தது பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தால், அதைத் தட்டி எழுப்புங்கள்.

மூன்றே மூன்று

வெப் பக்கம் என்பது ஏதோ மாயவித்தை அல்ல. எழுத்துக்கள்தான். எழுத்துக்களுக்கு நடுவே "இது தலைப்பு", "இது பத்தி", "இங்கே படம்" என்று குறிகள் போட்டிருக்கும். இந்தக் குறிகளுக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். நிறத்தையும் அளவையும் சொல்வது சி.எஸ்.எஸ். பொத்தானை அழுத்தினால் ஏதாவது நடக்கவேண்டுமா? அதற்கு ஜாவாஸ்கிரிப்ட்.

இதைத் தொடங்கியவர் டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. சுவிட்சர்லாந்தில் ஜினீவா நகருக்கு அருகே 'செர்ன்' என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 1989-ல் அவர் இந்த யோசனையை எழுதிக்கொடுத்தார். உலகத்தின் முதல் வெப் பக்கம் அவருடைய கம்ப்யூட்டரில்தான் இருந்தது. யாராவது அதை அணைத்துவிட்டால்? பக்கமும் போய்விடும்! ஆகவே, அணைக்கவேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டிவைத்தார்.

1993 ஏப்ரல் 30-ந் தேதி செர்ன் நிலையம் இதை உலகத்துக்கே இனாமாகக் கொடுத்துவிட்டது. அதனால்தான் இன்று யாரும் கப்பம் கட்டாமல் வெப் பக்கம் எழுத முடிகிறது.

முதல் கருவி: நோட்பேட்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'நோட்பேட்' என்று ஒன்று இருக்கும். வெறும் எழுதும் பலகை. பையன் அதில் எழுதட்டும். பெயர் வைத்துச் சேமிக்கும்போது, பெயரின் கடைசியில் புள்ளி வைத்து எச்.டி.எம்.எல். என்று போடவேண்டும். பிறகு அதை இரண்டு முறை கிளிக் செய்தால், குரோம் போன்ற பிரௌசரில் பக்கம் தெரியும். இன்டர்நெட் கூட வேண்டாம்.

பலர் இங்கே ஒரு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். பெயரின் வாலில் நோட்பேட் தானாகவே 'டி.எக்ஸ்.டி.' என்று சேர்த்துவிடும். அப்புறம் பக்கத்துக்குப் பதிலாக வெறும் குறிகள்தான் தெரியும். சேமிக்கும் பெட்டியில் 'எல்லா வகைக் கோப்பும்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. "வணக்கம்" என்று எழுதினால், பிரௌசரில் புரியாத கிறுக்கல் வரும். பையன் தப்புச் செய்யவில்லை. சேமிக்கும்போது 'யு.டி.எப்.-8' என்ற முறையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதையே ஒரு வரியில் சொல்லவேண்டும். இரண்டும் செய்தால் தமிழ் அழகாக வரும்.

ஒரு மாதம் இப்படி எழுதிப் பழகிய பிறகு 'வி.எஸ். கோட்' என்ற கருவிக்குப் போகலாம். மைக்ரோசாப்ட் கம்பெனி 2015-ல் வெளியிட்டது. இலவசம். குறிகளை வெவ்வேறு நிறத்தில் காட்டும். முதல் நாளே அதைக் கொடுத்தால், எந்தப் பொத்தான் எதற்கு என்று தேடுவதிலேயே பிள்ளைக்குப் பொழுது போய்விடும்.

இழுத்து ஒட்டும் கருவிகள்

'விக்ஸ்', 'கூகுள் சைட்ஸ்' போன்றவை வேறு வகை. குறி எழுதத் தேவையில்லை. படத்தை இழுத்து ஒட்டினால் போதும். ஒரு மணி நேரத்தில் பளபளவென்று பக்கம் தயார். பள்ளி ஆண்டு விழாவுக்கு அவசரமாக ஒரு பக்கம் வேண்டுமென்றால் கூகுள் சைட்ஸ் நல்லது, காசும் இல்லை. ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று பிள்ளைக்குத் தெரியாது. ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டு யார் சமையல் கற்றார்கள்?

விக்ஸில் செய்த பக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் வைக்கவும் முடியாது. 'வேர்ட்பிரஸ்' அப்படி அல்ல. எழுதியதை வெளியே எடுத்துக்கொள்ளலாம். 2003-ல் அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கு அப்போது வயது 19!

கடை மூடினால்?

வெளியே எடுக்கும் வசதியைச் சிறிய விஷயம் என்று நினைக்காதீர்கள். மொசில்லா ஸ்தாபனம் 2012-ல் 'திம்பிள்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. புதிதாகக் கற்பவர்களுக்காகவே செய்தது. ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கம் உடனே தெரியும். ஆசிரியர்கள் விரும்பினார்கள். 2019 கடைசியில் அதை மூடிவிட்டார்கள். அதிலிருந்த பக்கங்களை 'கிளிட்ச்' என்ற இடத்துக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். 2025 ஜூலையில் கிளிட்சும் பக்கங்களைத் தாங்கும் வேலையை நிறுத்திவிட்டது!

ஆகவே எந்தக் கருவியானாலும் முதலில் இதைக் கேளுங்கள்: "செய்ததை என் வீட்டுக்கு எடுத்து வர முடியுமா?" நோட்பேடில் எழுதியது எப்போதும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவைத்தால் போதும்.

பணம், பத்திரம்

"முதல் மாதம் இலவசம்" என்று சொல்லி பாங்கிக் கார்டு நம்பரைக் கேட்பார்கள். மறுமாதம் தானாகப் பணம் போகும். கொடுக்காதீர்கள். வெப்சைட்டின் பெயரும் விலைக்கு வருவதல்ல, வருட வாடகை. முதல் வருடம் மலிவாகக் கொடுத்து, அடுத்த வருடம் கூட்டுகிறவர்கள் உண்டு. பழகுகிறவனுக்குச் சொந்தப் பெயர் எதற்கு?

ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் வகுப்புக்கும் அவசரம் வேண்டாம். 'பிரீ கோட் கேம்ப்' என்ற இடத்தில் முழுப் பாடமும் இலவசம். ஆங்கிலம் கொஞ்சம் படிக்கத் தெரியவேண்டும். மற்றவர்களின் பக்கம் எப்படி எழுதப்பட்டது என்று பார்க்கவும் வழி உண்டு. கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் சாவியையும் 'யூ' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், பக்கத்தின் குறிகள் எல்லாம் தெரியும்.

பக்கத்தில் வீட்டு விலாசம், டெலிபோன் நம்பர், பள்ளிச் சீருடையில் எடுத்த போட்டோ ஆகியவை இருக்கக்கூடாது. இதைத் தாயாரோ தகப்பனாரோ பார்த்த பிறகே வெளியிடவேண்டும்.

வெளியிடுவதற்குக் 'கிட்ஹப்' என்ற இடம் இலவசமாக இடம் தருகிறது. 13 வயது நிரம்பாதவர்களுக்கு அங்கே கணக்குக் கிடையாது. அதுவரை பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். தாத்தா, பாட்டிக்குக் காட்ட அது போதும்.