கழுத்தில் ஏறிய காசுகள்

காசுமாலையை நாம் அனைவரும் அறிவோம். பொற்காசுகளை வரிசையாகக் கோத்து மார்பில் அணிவது நம் நாட்டுப் பெண்டிரின் பழைய வழக்கம். கடைத்தெருவில் கைமாற வேண்டிய காசு கழுத்தில் ஏறி அணியாகும் இவ்வழக்கம் பிற நாடுகளிலும் இருந்தது. அவ்வாறு அணியானவற்றுள் பைசாந்தியப் பேரரசின் பொற்காசுகளைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். பழங்காசு சேர்ப்போர் துளையிட்ட காசைக் குறையுடையது என்று ஒதுக்குவர். விலையும் குறைத்தே மதிப்பர். அத்துளைதான் அக்காசின் வரலாற்றில் பாதியைச் சொல்கிறது என்பது என் கருத்து.

பைசாந்தியப் பேரரசு என்பது உரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியே. கான்ஸ்டன்டைன் என்னும் பேரரசன் கி.பி. 330-இல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரைத் தன் தலைநகராக்கினான். இன்று இஸ்தான்புல் என வழங்குவது அந்நகரே. மேற்கே உரோமாபுரி தன் ஆட்சியை இழந்த பின்னரும் கிழக்கே இப்பேரரசு 1453 வரை நிலவியது. அம்மக்கள் தம்மை உரோமர் என்றே சொல்லிக்கொண்டனர். பைசாந்தியம் என்பது பிற்கால அறிஞர் இட்ட பெயர்.

கான்ஸ்டன்டைன் வெளியிட்ட பொற்காசுக்குச் 'சாலிடஸ்' என்று பெயர். ஓர் உரோம இராத்தல் பொன்னில் 72 காசுகள் அடித்தனர். ஒரு காசின் எடை ஏறத்தாழ நாலரை கிராம். அரசர் பலர் மாறினர்; போர்கள் பல நேர்ந்தன. ஆயினும், பதினோராம் நூற்றாண்டு வரை அக்காசின் மாற்றுப் பெரிதும் குறையவில்லை. எந்த நாட்டு வணிகனும் ஐயமின்றி அதை வாங்கினான். இத்தகைய நம்பிக்கைக்குரிய பொன்னை மக்கள் உடலிலேயே அணிந்துகொண்டதில் வியப்பென்ன?

அணிந்ததற்குக் காரணம் செல்வம் மட்டுமன்று. பெருமையும் ஒரு காரணம். சைப்ரஸ் தீவில் கிடைத்த பொன் மேகலை ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 582 முதல் 602 வரை ஆண்ட மோரிஸ் என்னும் பேரரசனின் பெரிய பொற்பதக்கங்களும், அவனுக்கு முன்னிருந்த அரசர் சிலரின் காசுகளும் அதில் கோக்கப்பட்டுள்ளன. இது பதவிச் சின்னமாக விளங்கியிருக்கலாம் என்பர். அரசனின் முகத்தை இடையில் தாங்குவது அரசனின் அருளைப் பெற்றதற்கு அடையாளம் அன்றோ!

மூன்றாவது காரணம் காப்பு. அலெக்சாண்டரின் செப்புக்காசுகளைத் தலையிலும் காலிலும் கட்டிக்கொண்டால் தீங்கு அணுகாது என்று அந்தியோக்கியா நகர மக்கள் நம்பினர். அவர்களை ஜான் கிறிசோஸ்தம் என்னும் கிறித்தவத் துறவி நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கடிந்துரைத்தார். ஆனால் அந்நம்பிக்கை ஒழியவில்லை. சிலுவை பொறித்த காசுகளுக்கும் பரவியது. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட ஹெராக்கிளியஸ் என்னும் பேரரசனின் பொற்காசு ஒன்று, செம்மணிகள் பதித்த சிலுவைப் பதக்கத்தின் நடுவே வைக்கப்பட்டு, இங்கிலாந்தின் நார்போக் பகுதியில் கிடைத்தது. அரசனின் முகத்தை உட்புறமாக மறைத்து, காசின் மறுபுறத்துச் சிலுவையையே வெளியே தெரியுமாறு பதித்திருக்கிறார்கள். அதை அணிந்தவருக்கு அரசனைவிடச் சிலுவையே பெரிதாகத் தோன்றியது போலும்.

இனி, நம் பக்கம் வருவோம். கருநாடகத்தின் அக்கி ஆலூர் முதலிய தென்னாட்டு ஊர்களில் பைசாந்தியப் பொற்காசுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் பலவற்றில் அரசனின் தலைக்கு மேலே அருகருகே இரண்டு துளைகள் உள்ளன. ஒரு துளையில் நூல் கோத்தால் காசு சுழன்று திரும்பும். இரண்டு துளை இட்டால் முகம் நேராக வெளியே தெரியும்படி நிற்கும். துளையிட்டவருக்குக் காசின் எழுத்து விளங்காதிருக்கலாம்; ஆனால் முகம் கவிழக்கூடாது என்பதில் அவர் கருத்தாக இருந்திருக்கிறார். இத்தகைய காசுகளைப் பார்த்து உள்நாட்டிலேயே போலிக்காசுகளும் செய்தனர்.

அக்காசின் புகழுக்கு இலங்கையோடு தொடர்புடைய கதை ஒன்றும் சான்று. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த காஸ்மாஸ் என்னும் கிரேக்க ஆசிரியர் அதனை எழுதியிருக்கிறார். இலங்கை மன்னன் அவையில் பாரசீக வணிகன் ஒருவன், தன் அரசனே பெரியவன் என்று செருக்கோடு கூறினான். சோபத்ரஸ் என்னும் உரோம வணிகனோ வாதாடவில்லை; இரு நாட்டுக் காசுகளையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டினான். பாரசீகக் காசு வெள்ளி. உரோமக் காசு ஒளிவீசும் பொன். மன்னன் உரோமர் பக்கமே தீர்ப்பளித்தானாம்.

மாணவ நண்பர்களே, பொன்னுக்கு ஒரு தீவினை உண்டு. அதை எளிதில் உருக்கிவிடலாம். உலையில் இட்ட பின் நாலரை கிராம் பொன் மிஞ்சும். அரசன் முகமும், இரு துளைகளும், அவை சொல்லும் செய்தியும் மிஞ்சா. வயலிலோ வீட்டுக் கடைகாலிலோ பழங்காசு கிடைத்தால் அதைத் தேய்க்காதீர்கள், தட்டானிடம் கொடுக்காதீர்கள். புதையலாகக் கிடைப்பவற்றை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. காசு கிடைத்த இடத்தையும், உடன் கிடைத்த பொருள்களையும் குறித்து வையுங்கள். துளை எங்கே இருக்கிறது என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.