குறித்த நேரத்தில் தளம் கட்டும் கிரான்

டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளம் 1993-இல் தொடங்கியது. அதை உருவாக்குகிறவர்களும் அதன் இணையதளத்தை எழுதுகிறவர்களும் பல நாட்டுத் தன்னார்வலர்கள். ஒருவர் ஆங்கிலப் பக்கத்தைத் திருத்துவார். இன்னொருவர் அதை ஜெர்மனிலோ ஜப்பானிய மொழியிலோ மொழிபெயர்ப்பார். சேமித்த கையோடு திருத்தம் வாசகர் கண்ணுக்கு வந்துவிடாது. மூலக்கோப்புகளோடு சேர்ந்து காத்திருக்கும். ஒரு சர்வர் நாளில் பலமுறை அவற்றை எடுத்து, உலாவியில் திறக்கும் பக்கங்களாக்கி வெளியிடுகிறது. இப்படி நேரம் தவறாமல் வேலையைக் கிளப்பிவிடுவதற்கென்றே இருக்கும் நிரல்தான் கிரான்.

பெல் ஆய்வகம் 1979-இல் வெளியிட்ட யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலேயே இருந்த சின்ன நிரல் அது. 1987-இல் பால் விக்சி எழுதிய வடிவம் பின்னர் லினக்ஸில் பரவலானது. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து அட்டவணையைப் பார்க்கும்; நேரம் பொருந்துகிற கட்டளையை ஓடவிட்டுத் தூங்கப் போய்விடும். அந்த வேலை முடிந்ததா, பாதியில் விழுந்ததா என்பது அதன் கவலை இல்லை.

அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஐந்து இடங்களோடு தொடங்கும்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. ‘*’ என்றால் எதுவானாலும் சரி. ‘17 */4 * * *’ என்றால் நான்கு மணிக்கொருமுறை, 17-ஆவது நிமிடத்தில். தேதி, கிழமை இரண்டையும் குறித்தால் ஒரு வம்பு உண்டு. ‘0 6 13 * 5’ என்று எழுதுகிறவர், 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக அமைந்தால் மட்டும் காலை 6 மணிக்கு ஓடும் என்று நினைப்பார். கிரானோ எல்லா 13-ஆம் தேதியும் ஓட்டும், எல்லா வெள்ளியும் ஓட்டும்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் உடனே தளத்தைக் கட்டிவிடலாமே என்று கேட்கலாம். சிறிய தளத்துக்கு அதுவே நல்லது. பலர் எழுதும் பெரிய தளத்தில், நேரத்துக்குக் கிளம்பும் பஸ்தான் வசதி: அதற்குள் வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே நடையில் போய்விடலாம். இதைவிட வலுவான காரணமும் ஒன்று உண்டு. யாரும் தொடாமலே பக்கம் பழசாகும். ‘வரவிருக்கும் கூட்டங்கள்’ பட்டியலில் உள்ள கூட்டம் நேற்றே முடிந்திருக்கும். கட்டிவைத்த பக்கத்துக்கு அது தெரியாது. மறுபடி கட்டினால்தான் பட்டியலிலிருந்து விழும்.

எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டியதில்லை. 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ என்ற நிரல், மூலக்கோப்பின் நேரத்தையும் உருவான பக்கத்தின் நேரத்தையும் ஒப்பிட்டு, பின்தங்கியதை மட்டும் புதிதாகக் கட்டும். டெபியன் தளத்திலும் இந்த உத்திதான். ஆனால் எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான தலைப்பகுதியில் ஒரு எழுத்தை மாற்றினாலும் போச்சு, எல்லா மொழிப் பக்கங்களும் வரிசையில் நிற்கும்.

அப்படிப்பட்ட நாளில், முந்தைய ஓட்டம் முடியுமுன் அடுத்த நேரம் வந்துவிடலாம். கிரான் யோசிக்காமல் இரண்டாவதையும் கிளப்பும். இரண்டும் ஒரே கோப்பில் கைவைத்தால் பக்கம் அரைகுறையாகும். அதனால் தொடங்கும்போதே ஒரு பூட்டு போடுவார்கள். பூட்டு இருந்தால் புதிய ஓட்டம் பேசாமல் திரும்பிவிடும். என்னைக் கேட்டால், இந்தப் பூட்டு இல்லாத அட்டவணையை எழுதவே கூடாது.

சொந்த சர்வர் இல்லாத குழுக்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளம் தரும் அட்டவணை வசதியை நாடுகின்றன. வரி அமைப்பு அதே கிரான் பாணிதான். நேர மண்டலம் குறிப்பிடாவிட்டால் யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கு. அப்போது இந்தியக் காலை 6 மணிக்கு ‘30 0 * * *’ என்று எழுத வேண்டும். மணி தொடங்கும் நேரத்தில் கூட்டம் மொய்ப்பதால் தாமதம் ஆகலாம். 17, 43 போன்ற நிமிடங்களைக் குறிப்பது உத்தமம். பொதுவில் உள்ள திட்டத்தில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் அட்டவணையைக் கிட்ஹப் நிறுத்திவிடும். தரவை வெளியிலிருந்து எடுத்துத் தானே புதுப்பித்துக்கொள்ளும் தளங்கள் இப்படியும் நின்றுபோகலாம். யாராவது உள்ளே போய் மறுபடி இயக்கிவிட வேண்டும்.