நகர நீரும் நீர்க் கணக்கும்

கிராமத்தில் வாழ்பவன் தன் கிணற்றை எட்டிப் பார்த்து அன்றைய நீர்நிலையை அறிவான். நகரத்தில் வாழ்பவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. குழாயைத் திறந்தால் நீர் வருகின்றது. அந்நீர் எங்கிருந்து வருகின்றது, எத்தனை மாதத்துக்குப் போதும், வருகின்ற ஆண்டு மழை பொய்த்தால் யாது நேரும் என்பனவற்றை அவன் அறியான். அவற்றை அறிந்திருக்க வேண்டியவர் அவனுக்கு நீர் வழங்குபவரே. அவர் தாம் அறிந்ததை எழுத்தில் அமைத்து ஊரார் முன் வைக்கக் கடமைப்பட்டவரா? ஆம் எனச் சட்டமூலம் விடையளித்துள்ளது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அச்சட்டத்தின் இயல்பையும் பயனையும் குறையையும் ஈண்டு நோக்குவாம்.

கலிபோர்னியாவில் மழையும் பனியும் பெரும்பாலும் மாரிக்காலத்தில், மாநிலத்தின் வடபாலிற் பெய்வன. மக்களுட் பெரும்பாலார் வாழ்வதோ தென்பாலில். நீர் மிகுதியாக வேண்டப்படுவதோ கோடையில். ஆதலின் சியரா நெவாடா மலையின் பனிநீரும் கொலராடோ ஆற்றின் நீரும் நெடுங் கால்வாய்கள் வழியாக நகரங்களுக்குக் கொண்டுவரப்படுகின்றன. அந்நீரை மக்களுக்கு வழங்குவோர் மாநகர சபைகள், தனி நீர் வாரியங்கள், தனியார் கம்பனிகள் எனப் பலராவர். 1976, 1977ஆம் ஆண்டுகளில் மாநிலத்தைக் கடும் வறட்சி வருத்தியது. சில ஆண்டுகளின் பின், 1983இல், நகர நீர் முகாமைத் திட்டச் சட்டம் இயற்றப்பட்டது.

3,000க்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு அல்லது ஆண்டொன்றுக்கு 3,000 ஏக்கர்-அடிக்கு மேற்பட நகரப் பாவனைக்கு நீர் வழங்குவோர் அனைவரையும் இச்சட்டம் கட்டுப்படுத்தும். ஏக்கர்-அடி என்பது ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரின் அளவு. அஃது ஏறத்தாழ 1,233 கன மீற்றராகும். இத்தகைய வழங்குநர் நானூற்றுக்கு மேற்பட்டோர் உளர். அவர் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டம் வகுத்தல் வேண்டும். அடுத்த இருபது ஆண்டுகளில் மக்கள் தொகை எவ்வளவாகும், நீர்த் தேவை எவ்வளவாகும், அதனை நிறைவுசெய்யும் நீர் எங்கிருந்து வரும் என அதிற் கூறுதல் வேண்டும். வழமையான ஆண்டுக்கு மட்டும் கணக்குக் காட்டினாற் போதாது. வறண்ட ஓராண்டுக்கும், 2018இற் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தொடர்ந்து வறண்ட ஐந்தாண்டுகளுக்கும் கணக்குக் காட்டுதல் வேண்டும். நூற்றுக்குப் பத்து வரையான பற்றாக்குறை முதல் ஐம்பதுக்கு மேற்பட்ட பற்றாக்குறை வரை ஆறு படிகளை வகுத்து, ஒவ்வொரு படியிலும் யாது செய்யப்படும் என்பதையும் முன்னரே தீர்மானித்தல் வேண்டும்.

திட்டம் ஏற்கப்படுமுன் பொதுக் கூட்டம் கூட்டி மக்களின் கருத்தைக் கேட்டல் கடமை. ஏற்கப்பட்ட பின்னர் அது மாநில நீர்வளத் திணைக்களத்துக்கு அனுப்பப்படும். இவையன்றி, ஆண்டுதோறும் நீர் வரவையும் தேவையையும் மதிப்பிட்டு அறிக்கை விடுத்தலும், குழாய்களிற் கசிந்து வீணாகும் நீருக்குக் கணக்காய்வு செய்தலும் பிற்காலச் சட்டங்களால் விதிக்கப்பட்டுள்ளன. திட்டம் சமர்ப்பிக்கத் தவறியவர் மாநில அரசின் நீர் மானியங்களையும் கடன்களையும் பெறும் தகுதியை இழக்க நேரும்.

இவையெல்லாம் வெறும் கடுதாசி வேலை எனச் சிலர் கருதலாம். 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சி அதற்கு விடை தந்தது. 2015 ஏப்பிரலில் மாநில ஆளுநர் நகர நீர்ப் பாவனையை நூற்றுக்கு 25 வீதம் குறைக்கக் கட்டளையிட்டார். வழங்குநரின் பாவனைக்கேற்ப நூற்றுக்கு 4 முதல் 36 வரை குறைப்பு விதிக்கப்பட்டது. மக்கள் பெரிதும் இணங்கினர். ஆயினும் சான் டியேகோவிற்போலக் கடல்நீரை நன்னீராக்கும் ஆலைக்குப் பெரும்பொருள் செலவிட்ட வழங்குநர், தம் முன்னேற்பாடு மதிக்கப்படவில்லை என முறையிட்டனர். 2016இல் அம்முறை மாற்றப்பட்டது. இன்னும் மூன்று வறண்ட ஆண்டுகள் தொடர்ந்தால் தம்மிடம் எவ்வளவு நீர் குறையும் என ஒவ்வொருவரும் கணக்குக் காட்டி, அதற்கேற்பத் தம் குறைப்பைத் தாமே நிர்ணயிக்க இடமளிக்கப்பட்டது. பெரும்பாலோர் தமக்குக் குறைவில்லை எனக் காட்டினர். கணக்குடையவனை அவன் கணக்கின்படி நடத்தலாம். கணக்கில்லாதவனைப் பொதுக் கட்டளையால் மட்டுமே நடத்தலாம்.

குறைகளும் உள. முற்காலத் திட்டங்கள் பல, எதிர்காலத் தேவையை உண்மையில் நேர்ந்ததிலும் மிகுத்தே மதிப்பிட்டன. மிகை மதிப்பீட்டை நம்பிக் கட்டப்படும் வேலைகளின் செலவு ஈற்றில் நீர்க் கட்டணம் செலுத்துவோர் மீதே விழும். இதனினும் பெரிது, 3,000 என்னும் எல்லைக்குக் கீழுள்ளோரின் நிலை. 2014இல் துலாரி மாவட்டத்துக் கிழக்குப் போட்டவில் என்னும் எளியோர் வாழும் ஊரில் நூற்றுக்கணக்கான வீடுகளின் கிணறுகள் வற்றின. அவ்வீடுகள் எந்த வழங்குநரையும் சாராதவை. ஆதலின் அவற்றின் பொருட்டுத் திட்டம் வகுக்கக் கடமைப்பட்டவர் ஒருவரும் இலர். போத்தல் நீராலும் தாங்கி நீராலும் அம்மக்கள் காலங் கழித்தனர். 2016 முதற்கொண்டே அயல் நகரத்தின் குழாய்கள் அவ்வீடுகளுக்கு நீட்டப்பட்டன. குடிநீர் ஒவ்வொருவரின் உரிமை என்று அம்மாநிலச் சட்டம் 2012இலேயே கூறியிருந்தது. உரிமை ஏட்டில் இருந்தது. அதனை நிறைவேற்றும் கணக்கு ஒருவரிடமும் இருக்கவில்லை. 2021இல் இயற்றப்பட்ட சட்டம் சிறு வழங்குநரும் வறட்சிக்கு ஆயத்தஞ் செய்யவேண்டும் என்றும், வீட்டுக் கிணறுகளை நம்பியிருப்போர் பொருட்டு மாவட்ட நிர்வாகம் திட்டம் வகுக்கவேண்டும் என்றும் விதித்தது.

இவ்வரலாற்றால் அறியத்தக்கது யாது? மழையைச் சட்டத்தாற் பெய்விக்க இயலாது. ஆனால் மழை பொய்க்கும் நாளில் யாவர்க்கு எவ்வளவு குறையும், யார் முதலிற் பாதுகாக்கப்படுவர் என்பதை மழையுள்ள நாளிலேயே தீர்மானிக்கச் சட்டத்தாற் செய்விக்க இயலும். பெரு நகரங்களுக்கு அக்கணக்கு முதலில் எழுதப்பட்டது. வறட்சியைத் தாங்கும் வலி குறைந்த சிற்றூர்களுக்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே அக்கடமை விதிக்கப்பட்டது. நீர்த் திட்டம் வகுப்போர் எந்நாட்டவராயினும் இவ்வரிசையை மாற்றி அமைத்தல் நன்று.