திரையை ஏற்க மறுத்த கைப்பேசி

பினாங்கின் ஜார்ஜ்டவுன் கொம்தார் கட்டடத்தில் உடைந்த கைப்பேசித் திரையை மாற்றித்தரக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 2021-இல் ஐபோன் 13 வந்தபோது, வெளிக்கடையில் திரையை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதி நின்றுபோனது. திரையோடு வரும் சிறு சில்லு ஒவ்வொன்றும் அந்தந்தக் கைப்பேசியுடன் பிணைக்கப்பட்டிருந்தது. புதுத் திரையில் பழுதில்லை. கைப்பேசிதான் அதை ஏற்கவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே ஆப்பிள் மென்பொருளைத் திருத்தியது.

காசு கொடுத்து வாங்கிய பொருளை யாரிடம் பழுதுபார்ப்பது என்பதை விற்றவர் தீர்மானிப்பது அநியாயம்.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தொடாமல் விடவில்லை. பழுதுபார்ப்பு வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலம்வரை கிடைக்கத் தயாரிப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 37ஆவது பிரிவு. ஓட்டையும் அதிலேயே இருக்கிறது: அவை கிடைக்கும் என்று பொறுப்பேற்கவில்லை என விற்கும்போதே அறிவித்துவிட்டால் அந்தக் கடமை இல்லை! நியாயமான காலம் எத்தனை ஆண்டு என்றும் அப்பிரிவு சொல்லவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் தெளிவாகவே விதித்தது. சலவை இயந்திரம், குளிர்பதனப்பெட்டி, கைப்பேசி போன்றவற்றை உத்தரவாதக் காலத்துக்குப் பிறகும் தயாரிப்பாளர் பழுதுபார்த்துத் தர வேண்டும். தக்க காரணமின்றி மென்பொருளால் பழுதுபார்ப்பைத் தடுக்கக் கூடாது.

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தோன்றி, அதை எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019-இல் மறையும்வரை வழிநடத்திய மண் இது. 37ஆவது பிரிவின் ஓட்டையை அடைக்க இங்கிருந்தே குரல் வலுக்க வேண்டும். அதுவரை, பொருளை வாங்குமுன் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இழப்பு நேர்ந்தால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பதியலாம்.