ஏடுகளின் காவல் – 14: ராதாரிச் சீட்டு

தாம்பரத்துப் பிள்ளை. வயது 17. ரயில்வே பேட்டரி திருடினான் என்று பிடித்துப்போய், செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் விட்டார்கள். 2022 டிசம்பர் 31 அன்று இறந்துபோனான். அடித்தே கொன்றார்கள் என்ற புகாரில் கண்காணிப்பாளரும் ஊழியர்களுமாக 6 பேர் கைதானார்கள். பிறகு இத்தகைய இல்லங்களை ஆராய முன்னாள் நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு நியமித்தது.

செங்கல்பட்டுக்கு இது புதிய வேலை அல்ல. அங்கே 1887-லேயே சிறுவர் சீர்திருத்தப் பள்ளி வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்து 'பள்ளி' என்ற சொல்லைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்திலும் பள்ளி உண்டு: பதிவான சாதிகளின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியிலோ சீர்திருத்தப் பள்ளியிலோ வைக்க அரசுக்கு அதிகாரம். பிள்ளை திருடியிருக்க வேண்டியதில்லை, பிறந்திருந்தால் போதும்.

பெரியவர்களுக்குக் கைரேகை. மதுரைப் பக்கம் 'ரேகைச் சட்டம்' என்றுதான் பேர். இரவானால் ஸ்டேஷனிலோ சாவடியிலோ படுக்க வேண்டும். மாடு வாங்கவோ எழவு வீட்டுக்கோ வெளியூர் போனால் கையில் ராதாரிச் சீட்டு இருக்க வேண்டும். ரோந்து போலீஸ் கேட்டால் நீட்ட வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணோடு சேர்த்து 16 உயிர். அதே ஆண்டுகளில்தான் அந்த மக்களுக்கென்று கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் எழுந்தன. அவற்றில் படித்து மேலே வந்த குடும்பங்கள் ஏராளம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாம் வசையாக உதறும் 'கேடி' கூட போலீஸ் ஏட்டின் சுருக்கம்தான். 'அறியப்பட்ட கொள்ளைக்காரன்' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். 'கேடு' பக்கத்திலேயே இருந்ததால் தமிழோடு ஒட்டிக்கொண்டது.

கனடாவிலும் சீட்டு இருந்தது. 1885-க்குப் பிறகு மேற்குச் சமவெளிப் பூர்வகுடிகள் தங்கள் ஒதுக்கு நிலத்தைத் தாண்ட, அதிகாரி கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அதற்குச் சட்டமே கிடையாது. குதிரைப் போலீஸின் ரோந்துதான் சட்டம். நம்மூரில் முறையாகச் சட்டம் போட்டே செய்தார்கள்! அங்கே ஏறக்குறைய 1,50,000 பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளுக்குப் போனார்கள். ஓடிப்போனவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து விட்டதும் அதே போலீஸ்தான். அந்தப் போலீஸ் தன் பழைய பங்கைத் தானே ஆராய்ந்து 2011-இல் அறிக்கை வெளியிட்டது.

சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947-இல் ஒழிந்தது. 1948-இலேயே வழக்கமான குற்றவாளிகளுக்கென்று வேறொரு சட்டம் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தது. கனடாக்காரர்கள் எழுதியதைப் போல ஓர் அறிக்கையை நம் போலீஸ் எழுத உட்கார்ந்தால், செங்கல்பட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன், 1887-இல் முதல் பையனை உள்ளே விட்டபோது எழுதிய வரியிலிருந்து.

(தொடரும்)