மின்வெட்டைத் தானே சொல்லும் மீட்டர்

சிலிபின் பக்கம் ஸ்மார்ட் மீட்டர் பேச்சு எடுத்தால் முதலில் வரும் கேள்வி, "பில் ஏறுமா?" என்பதுதான். கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெட்டியின் பெரிய வேலை பில் அல்ல, கரண்ட் போனதைச் சொல்வது.

பேராக் நதி நீர்மின் நிறுவனத்தின் செண்டெரோ அணை 1930இல் ஓடத் தொடங்கியபோது, அதன் மின்சாரம் முக்கியமாகக் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் வாரும் கப்பல்களுக்குப் போனது. ரப்பர் தோட்டத்து லயங்கள் பலவற்றில் மாலையில் சில மணி நேரம் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும், அவ்வளவுதான். பிறகு கம்பி எல்லா வீட்டுக்கும் வந்தது. வீட்டில் கரண்ட் போனால் அந்தச் செய்தி மட்டும் திரும்பிப் போகவில்லை.

1996 ஆகஸ்டு 3இல் தீபகற்ப மலேசியா முழுவதும் இருண்டபோது கட்டுப்பாட்டு அறைக்கு உடனே தெரிந்தது. பெரிய மின்தடங்களை அது எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் தாமானில் மட்டும் கரண்ட் போனால்? யாராவது மின் நிறுவனத்தின் 15454 எண்ணுக்கு அழைக்கும்வரை பெரும்பாலும் தெரியாது.

அந்தக் குருட்டு இடத்தில்தான் இந்த மீட்டர் உட்காருகிறது. அரை மணிக்கு ஒருமுறை பயன்பாட்டைப் பதிந்து, ரேடியோ அலையிலோ மின்கம்பி வழியாகவோ கைப்பேசிக் கோபுரம் வழியாகவோ அனுப்புகிறது. எனக்குப் பிடித்தது இன்னொன்று. இவ்வகை மீட்டர்கள் பலவற்றில் ஒரு சிறு மின்தேக்கி உண்டு. கரண்ட் போனதும் அதில் மிச்சமிருக்கும் மின்சாரத்தைக் கொண்டு, "இங்கே போய்விட்டது" என்று ஒரு கடைசிச் செய்தியை அனுப்பிவிட்டுத்தான் மீட்டர் அணையும். ஒரே டிரான்ஸ்பார்மரின் கீழுள்ள வீடுகள் எல்லாம் ஒரே நொடியில் அப்படிச் சொன்னால் கோளாறு டிரான்ஸ்பார்மர் பக்கம். ஒரு வீடு மட்டும் சொன்னால் அந்த வீட்டு இணைப்பில். பழுதுபார்க்கும் வண்டி தெருத்தெருவாகத் தேட வேண்டியதில்லை.

கூரையில் சோலார் வைத்தவர்களுக்கு இந்த மீட்டர் இன்னும் அவசியம். நண்பகலில் வீடுகளே மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப, தெருவின் மின்னழுத்தம் ஏறுகிறது. அளக்காமல் அதை அடக்க முடியாது.

ஆனால் அதே அரை மணிக் கணக்கு, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதையும் காட்டிக்கொடுக்கும். அதை யார் பார்க்கலாம் என்று நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

பில்லுக்கு வருவோம். 2025 ஜூலை கட்டண மாற்றத்துக்குப் பின், இந்த மீட்டர் உள்ள வீடுகள் விரும்பினால் நேரவாரிக் கட்டணத்தைக் கேட்டுப் பெறலாம். திங்கள் முதல் வெள்ளிவரை பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை அதிகம், மற்ற நேரத்தில் குறைவு. துணி துவைப்பதை ஞாயிற்றுக்குத் தள்ளலாம். மாலை ஆறு மணிக்கே ஏர்கோன் போடும் வீடு, விண்ணப்பிக்குமுன் மின் நிறுவனத்தின் செயலியில் தன் பயன்பாட்டை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.