வாடிக்கையாளரின் எண்ணும் ஓர் அமானிதமே

வீட்டிலிருந்தே புர்கா தைத்துக் கொடுப்பவர்கள், பிரியாணி ஆர்டர் எடுப்பவர்கள், அத்தர், பேரீச்சம்பழம் விற்பவர்கள் என நம் குடும்பங்களில் சிறு வியாபாரம் செய்வோர் பலர். இவர்களில் பெரும்பாலோருக்கு வாட்ஸ்அப்தான் கடை. கடை வாடகை இல்லை, விளம்பரச் செலவும் இல்லை. ஆனால் ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் வருவாரா என்பதே இந்த வியாபாரத்தின் உயிர். அதற்குச் சில விஷயங்களில் கவனம் தேவை.

குரூப்பில் சேர்க்காதீர்கள்

பலரும் செய்யும் முதல் காரியம், வாங்கியவர்களையெல்லாம் கேட்காமலே ஒரு குரூப்பில் சேர்ப்பது. குரூப்பில் உள்ள ஒருவரின் எண்ணை மற்ற எல்லோரும் பார்க்க முடியும். நம்மை நம்பி எண் கொடுத்த ஒரு சகோதரியின் எண், முன்பின் தெரியாத ஆண்களின் கைக்குப் போய்விடுகிறது. பிறகு அவருக்குத் தேவையற்ற அழைப்புகள் வந்தால் பொறுப்பு யாருடையது?

இதற்கு பிராட்காஸ்ட் லிஸ்ட் என்ற வசதி இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் நம் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். எனவே பொருளைக் கொடுக்கும்போதே, "புதுச் சரக்கு வந்தால் தெரிவிக்கட்டுமா? எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். அனுமதியும் கிடைக்கும், செய்தியும் சேரும். தினமும் பத்துப் படங்கள் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள். வாரம் ஒரு செய்தி போதும்; மற்றவற்றை ஸ்டேட்டஸில் வைக்கலாம்.

குறையை மேலே வையுங்கள்

கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரைக் கடுமையாக எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது.

ஆன்லைனில் வாங்குபவரால் குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்க முடியாது. நாம் அனுப்பும் படம்தான் அவருக்குக் கண். எனவே இணையத்தில் எடுத்த படத்தைப் போடாமல், கையிலிருக்கும் துணியையே பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். நிறம் சற்று மாறித் தெரிந்தால், தையலில் சிறு குறை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். விலையையும் வெளிப்படையாகப் போடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்" என்றால், ஆளுக்கொரு விலை சொல்வார்களோ என்ற சந்தேகம்தான் வரும்.

மருதாணி போட்ட மணப்பெண்ணின் கை, உடுப்பு அணிந்த குழந்தை போன்ற படங்களை அவர்களிடம் கேட்காமல் பகிராதீர்கள். வாடிக்கையாளர் பாராட்டி அனுப்பிய செய்தியைக் காட்டுவதானால் பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

பதிலும் பாதுகாப்பும்

2018-இல் அறிமுகமான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் பொருள்களை விலையுடன் கேட்டலாக்கில் அடுக்கலாம். 'பணம் பாக்கி', 'அனுப்ப வேண்டியது' என ஆர்டர்களுக்கு லேபிள் போடலாம். தொழுகை நேரத்திலோ இரவிலோ செய்தி வந்தால், எப்போது பேசுவோம் என்ற பதில் தானாகவே போகும்படி அமைக்கலாம். தாமதமானால் அவர் கேட்கும் முன் நாமே சொல்லிவிடுவது நல்லது. புகார் வந்தாலும் பதில் சொல்லாமல் மௌனமாக இருக்காதீர்கள்.

போனுக்கு வரும் ஆறு இலக்க சரிபார்ப்பு எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். கணக்கு மோசடிக்காரர் கைக்குப் போனால், நம் பெயரைச் சொல்லி நம் வாடிக்கையாளர்களிடமே பணம் கேட்பார். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே இயக்கிவிடுங்கள்.

எண், முகவரி, அளவு, படம் என வாடிக்கையாளர் நம்மிடம் ஒப்படைத்தவை அனைத்தும் அமானிதம். அதைக் காப்பவரிடம் மக்கள் திரும்ப வருவார்கள், இன்ஷா அல்லாஹ். நம் வியாபாரங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!